இங்கிலீஷுக்கு இங்கிலீஷ் சொல்ல ஜோகூர் போனேன்

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்குக் கோலாலம்பூர் பஸ் நிலையத்தில் ஜோகூர் பாரு பஸ் ஏறினேன். டிக்கெட் முப்பத்தெட்டு ரிங்கிட். தூரம் முன்னூற்று முப்பது கிலோமீட்டர் என்றார்கள். முந்தின இரவு திருச்சியில் விமானம் ஏறி விடியுமுன் இறங்கி, விமான நிலையத்திலிருந்து இந்த பஸ் நிலையம் வர இன்னொரு பதினைந்து ரிங்கிட் ஆகியிருந்தது. கையில் ஒரே ஒரு பை. இரண்டு வேட்டி, மூன்று சட்டை, தூத்துக்குடி மக்ரூன் ஒரு கிலோ. மக்ரூன் தட்டினாலே நொறுங்குகிற சாமான் என்பதால் விமானத்திலும் மடியில்தான் வைத்திருந்தேன்.

டிக்கெட் கொடுத்த பெண்ணிடம் ஸ்கூடாய்க்குப் போக வேண்டும் என்று இங்கிலீஷில் கேட்டேன். "ஸ்கூடாய் நோ. லார்கின் கேன்," என்றாள். லார்கின் என்பது ஜோகூர் பாருவின் பெரிய பஸ் நிலையம். ஸ்கூடாய் அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். ஒரு சொல் கூட வீணாக்காமல் சொல்லிவிட்டாள். நம் ஊரில் இதையே கேட்டால், நேர் பஸ் இல்லை சார், லார்கின் போய்த்தான் போகணும் என்று நீட்டி முழக்கி, கடைசியில் ஒரு "ஒன்லி" வைத்து முடிப்பார்கள். இரண்டும் இங்கிலீஷ்தான். நானும் சரி என்பதற்கு "கேன்" என்றேன். டிக்கெட் வந்துவிட்டது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் சவேரி. வயது எழுபத்தாறு. மூன்றாம் வகுப்போடு வலை இழுக்கப் போனவன், பிறகு கப்பலுக்குப் போனேன். முப்பத்தோரு வருடம் எஞ்சின் அறையில் எண்ணெய் போடுகிற வேலை. ஏ பி சி டி எழுத வராது. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் மருமகள் ஜெசிந்தா எழுதுகிறாள். எங்காவது நீளமாகப் போனால் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்ப்பாள். ஆனால் காதால் பல இங்கிலீஷ் தெரியும். கிரேக்கக் கப்டன் பேசுவது, நார்வேக்காரன் பேசுவது, பிலிப்பைன்ஸ்காரன் பேசுவது எல்லாம் தெரியும். லிவர்பூலிலிருந்து ஒரு சமையல்காரன் இருந்தான். அவன் சூப் வேண்டுமா என்று கேட்பதற்குள் சூப் ஆறிவிடும், அப்படி ஒரு இழுவை. ஜெசிந்தா பேனாவை வைத்துவிட்டாள். விஷயத்துக்கு வருகிறேன்.

நான் கிளம்புவதற்கு மூன்று வாரத்துக்கு முன் ஸ்கூடாயிலிருந்து தனம் போன் செய்தாள். தனலெட்சுமி, கூலாய் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர் மகள். அவள் வீட்டுக்காரர் டங்கன், ஸ்காட்லாந்துக்காரர், அபர்தீன் பக்கத்தில் ஒரு மீன்பிடி ஊர். நான் கப்பலில் சேர்ந்தபோது அவர்தான் இரண்டாம் இன்ஜினீயர். "செகண்ட்" என்றுதான் கூப்பிடுவோம். அவர் பிறகு கடலை விட்டு பாசீர் கூடாங் கப்பல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கே ஸ்டோரில் வேலை பார்த்த தனத்தைக் கல்யாணம் செய்துகொண்டார். ஒருமுறை எங்கள் கப்பல் பாசீர் கூடாங் வந்தபோது அவர்கள் வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டேன். அதன் பிறகு வருடா வருடம் கிறிஸ்மஸுக்கு ஒரு போன், அவ்வளவுதான்.

"அண்ணே, டங்கனுக்கு ஸ்ட்ரோக் வந்து நாலு மாசம் ஆச்சு," என்றாள் தனம். "வலது பக்கம் விழுந்திருச்சு. பேச்சு திரும்பி வந்திருச்சுண்ணே. ஆனா அவரு பேசறது எனக்குப் புரியல. முப்பத்திரண்டு வருசம் குடும்பம் நடத்தியிருக்கேன், இப்பப் போயி புரியல."

நடந்தது இதுதான். மலேசியாவுக்கு வந்ததிலிருந்து டங்கன் மற்றவர்களுக்குப் புரிகிற மாதிரி சுத்தமான இங்கிலீஷ்தான் பேசி வந்தார். போகப் போக வீட்டில் "கேன்", வாக்கியத்தின் வாலில் ஒரு "லா" எல்லாம் சேர்த்து ஜோகூர்க்காரராகவே ஆகிவிட்டார். பக்கவாதம் அதையெல்லாம் துடைத்துவிட்டு, அவர் அம்மா பேசின ஊர்ப் பேச்சை மட்டும் விட்டுவைத்திருந்தது. அந்தப் பேச்சு ஜோகூரில் ஒருத்தருக்கும் தெரியாது. அவர் பக்கத்து உறவும் யாரும் மிச்சமில்லை. சாயங்காலம் ஆனால் நாற்காலி வண்டியை உருட்டிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றுகிறார், எதை எதையோ தட்டுகிறார், எட்டு மணிக்கு நீளமாகப் பேசுகிறார், கோபப்படுகிறார், ராத்திரிச் சாப்பாட்டைத் தொடுவதில்லை. உடம்பு பாதியாகிவிட்டது. மூளை குழம்பியிருக்கலாம் என்று டாக்டர் சந்தேகப்பட்டு, நான் போய்ச் சேருகிற வாரம் வியாழக்கிழமை பார்த்து முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தார். குழப்பம்தான் என்றால் கூலாயில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பது என்று தனத்தின் தம்பி சேகர் இடமும் பார்த்துவிட்டான்.

"அவரு பாஷ உங்களுக்குத் தெரியும்னு டங்கன் சொல்லுவாருண்ணே," என்றாள்.

தெரியும் என்று சொல்லிவிட்டேன். பெருமையாகவும் இருந்தது.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கூலாய்க்காரர், நம் ஆள். சிங்கப்பூரில் ஒரு கட்டடத்தில் காவல் வேலை, தினமும் பாலம் தாண்டிப் போய் வருகிறவர். நான் போகிற காரியத்தைச் சொன்னதும் வெகுநேரம் சிரித்தார். "இங்கிலீஷுக்கு இங்கிலீஷ் சொல்லவா அங்கிள் டிக்கெட் போட்டு வந்தீங்க?" என்றார். பிறகு யோசித்துவிட்டு, தானும் அப்படித்தான் என்றார். வெள்ளைக்கார மேனேஜருக்கு ஒன்று, சீன சூப்பர்வைசருக்கு ஒன்று, வீட்டில் பிள்ளைகளுக்கு ஒன்று. பாலத்தைத் தாண்டும்போது சட்டை மாற்றுவதுபோல் இங்கிலீஷையும் மாற்றிக்கொள்வதாகச் சொன்னார். வழி நெடுகச் செம்பனை, எண்ணெய் எடுக்கிற பனை மரம். நான் அந்தக் காலத்தில் பார்த்தபோது ரப்பர் மரமாக இருந்த இடமெல்லாம் இப்போது செம்பனை. யோங் பெங்கில் பஸ் நின்றபோது அவர் எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தார், இரண்டரை ரிங்கிட். காசு கொடுக்கப் போனால் வாங்கவில்லை.

இரண்டு மணிக்கு லார்கின். சேகர் காரோடு நின்றான். ஐம்பது வயது, தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கெட்டவன் இல்லை. வண்டியில் போகும்போதே சொன்னான், அக்காவுக்கு இடுப்பு போய்விட்டது, மாமாவைத் தூக்கித் தூக்கி அவளும் விழுந்தால் இரண்டு பேரையும் யார் பார்ப்பது என்று. அது நியாயம்தான். ஸ்கூடாய் சாலையில் அவ்வளவு கார். பன்னிரண்டு கிலோமீட்டர் போக நாற்பது நிமிடம் ஆனது.

வீடு வரிசை வீடுகளில் ஒன்று. முன்னால் இரும்பு கேட், பக்கத்தில் ஒரு சின்ன முருகன் படம், செருப்பு வரிசை. உள்ளே டங்கன் நாற்காலியில் இருந்தார். எண்பத்தொரு வயது. அந்தப் பெரிய தோள் எலும்பாகத் தெரிந்தது. கண் மட்டும் அதே கண்.

எஞ்சின் அறையில் நாங்கள் சொல்லிக்கொள்கிற மாதிரியே கேட்டேன். "ஃபிட் லைக், செகண்ட்?"

எப்படி இருக்கிறீர்கள் என்பதற்கு அவர் ஊரில் அப்படித்தான். நம் ஆட்களுக்குத் தெரிந்த "வாட்" அங்கே "ஃபிட்". "வேர்" அங்கே "ஃபார்". "ஹூ" கூட "ஃபா"தான். இது தெரியாமல், கப்பலில் நான் முதலில் கற்ற இந்த இங்கிலீஷ்தான் உலகத்து இங்கிலீஷ் என்று நினைத்து, லண்டன் பக்கத்துக் கப்டனிடம் போய் "ஃபிட் லைக், சார்?" என்று கேட்டேன். அவர் கையில் இருந்த காப்பி அவர் வெள்ளைச் சட்டையில். தூத்துக்குடிக்காரன் வாயில் அபர்தீன் மீன்காரன் பேச்சு வந்ததை அவர் அடுத்த துறைமுகம் வரை எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார்.

டங்கன் முகம் மலர்ந்தது. இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். இரண்டு நிமிடம் இருக்கும். தனமும் சேகரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

அந்தப் பேச்சைக் கேட்டு நாற்பது வருடம் ஆகிவிட்டது, அதோடு வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கடகடவென்று கூழாங்கல் உருளுகிற சத்தம்தான் காதில் விழுந்தது. இவ்வளவு தூரம் வந்து முழிக்கிறோமே என்று வேர்த்தது. கடைசியில், "நல்லா இருக்காராம். நான் வந்ததுல ரொம்ப சந்தோசமாம்," என்று சொல்லிவிட்டேன். தனம் சரி என்று மக்ரூனை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அன்று எட்டு மணிக்கு அவர் பேசியபோதும் நான் அதே மாதிரி ஏதோ ஒப்பேற்றினேன். அவர் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை காப்பி கொடுக்கும்போது தனத்திடம் உண்மையைச் சொன்னேன். "எனக்கு ஒண்ணும் விளங்கலம்மா. நேத்து சொன்னதெல்லாம் பொய்."

"தெரியும்ணே," என்றாள். "ரெண்டு நிமிசம் பேசினாரு. நல்லா இருக்கேன்னு சொல்ல ரெண்டு நிமிசமா? கரச்சல் வேணாம்னு சும்மா இருந்தேன்." காப்பியை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, "வியாழக்கெழம வரைக்கும் இருங்க. அவருக்கு ஒங்க மொகம் தெரியுதுல்ல, அது போதும்," என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

சாயங்காலம் சரியாக நான்கு மணி. டங்கன் நாற்காலியை உருட்டத் தொடங்கினார். நான் பின்னால் நடந்தேன். முதலில் சமையலறை. கேஸ் சிலிண்டர். பிறகு பிரிட்ஜ். பிறகு துணி துவைக்கிற மெஷின், தண்ணீர்க் குழாய், பின் கதவுத் தாழ்ப்பாள். கடைசியில் முன்பக்கம் நிற்கிற கார். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று கையை நீட்டித் தொட்டார்.

"பாருங்கண்ணே, பேய் புடிச்ச மாதிரி எல்லாத்தையும் பொறங்கையால தட்டுறாரு," என்றாள் தனம்.

புறங்கை. அதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் அறையில் சூடு பார்ப்பதற்கு உள்ளங்கையை வைக்க மாட்டோம். சூடு அதிகமானாலும் மின்சாரம் பாய்ந்தாலும் உள்ளங்கை சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். புறங்கை என்றால் தானே விலகிவிடும். வாச், அதாவது நம் முறை வேலை, ஏறினதும் ஒவ்வொரு பேரிங்கையும் இப்படிப் புறங்கை வைத்துப் பார்த்துக்கொண்டே ஒரு சுற்று வர வேண்டும். என் கையும் முப்பத்தோரு வருடம் இதைத்தான் செய்தது. இன்றைக்கும் இட்லிப் பானையைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து ஜெசிந்தாவிடம் திட்டு வாங்குகிறேன்.

நானும் செகண்டும் நின்ற வாச் நாலு மணியிலிருந்து எட்டு மணி. நாலுக்கு ஏறினால் எட்டுக்கு அடுத்த ஆள் வருவான்.

"அம்மா, இவரு குழம்பல," என்றேன் தனத்திடம். "வாச் பாக்காரு."

அவளுக்கு விளங்கவில்லை. விளக்கிச் சொல்ல எனக்கும் தைரியம் இல்லை, முந்தின நாள் சொன்ன பொய் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. எட்டு மணி ஆகட்டும் என்று காத்திருந்தேன்.

எட்டு மணியாவதற்குள் எனக்குச் செங்கடலில் என் முதல் மாதம் முழுக்க ஞாபகம் வந்துவிட்டது. வாச் மாறுகிற நேரம், இறங்குகிறவர் ஏறுகிறவரிடம் எல்லாவற்றையும் சொல்லுவார். எந்தப் பம்பு ஓடுகிறது, எந்த வால்வு மூடியிருக்கிறது, எங்கே சூடு ஏறுகிறது. கேட்டவன் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் பொறுப்பு கை மாறும். சொல்லாவிட்டால் இறங்குகிறவர் அந்த இடத்தைவிட்டு அசைய முடியாது, சாப்பிடப் போக முடியாது. செகண்டின் வாச்சுக்கு மாறுவதற்கு முன், அந்த மாதம் நான் எட்டு மணிக்கு ஏறி அவரிடமிருந்து ஏற்கிறவன். புது ஆளான எனக்கு இது தெரியாது. செகண்ட் ஏதோ சொன்னார். நான் நம் ஊர் வழக்கப்படி தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன். அவர் காத்திருந்தார். மறுபடி சொன்னார். நான் இன்னும் பலமாக ஆட்டினேன். அவருக்கு அது ஆமாம் என்பதா இல்லை என்பதா என்றே தெரியவில்லை. மூன்றாவது தடவை என் தாடையைப் பிடித்து நிறுத்தினார். "சே இட் பேக்." எனக்கு இங்கிலீஷே வராது. ஆகவே அவர் போட்ட சத்தத்தை அப்படியே கிளி மாதிரி திருப்பிப் போட்டேன். அவர் சிரித்துவிட்டு மேலே சாப்பிடப் போனார். நான் இங்கிலீஷ் கற்றது இப்படித்தான். முதலில் சத்தம் வந்தது, அர்த்தம் சூயஸ் தாண்டினபின் வந்தது.

ஸ்கூடாயில் எட்டு மணி. டங்கன் கூடத்தில் நாற்காலியை நிறுத்தி என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். நான் அர்த்தம் பிடிக்கப் பார்க்கவில்லை. முதல் வாக்கியம் முடிந்ததும் கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லி, காதில் விழுந்த சத்தத்தைத் திருப்பிச் சொன்னேன்.

"த காஸ் இஸ் ஸ்டீக்கிட்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அய்," என்றார். ஆமாம் என்று அர்த்தம். அடுத்த வாக்கியத்துக்குப் போனார். அதையும் திருப்பிச் சொன்னேன். என் வாயாலேயே அந்தச் சத்தம் வெளியே வந்தபோது எனக்குள் ஏதோ துரு கழன்றது. ஸ்டீக்கிட் என்றால் மூடியாயிற்று. கேஸ் மூடியாயிற்று. பின் கதவு பூட்டியாயிற்று. தண்ணீர்த் தொட்டியின் மிதவை ஒழுகுகிறது, மாற்ற வேண்டும். காரை வாரம் ஒருமுறை கிளப்பி வைக்காவிட்டால் பேட்டரி செத்துப்போகும். இப்படி ஒன்பது விஷயம். இரண்டு இடத்தில் தப்பாகச் சொன்னேன், திருத்தினார். அவர் குறுக்கே திருத்துகிற தோரணையில் பக்கவாதமே தெரியவில்லை. எல்லாம் முடிந்ததும் ஒரு பெருமூச்சு விட்டு, இடது கையைக் கிண்ணத்துக்கு நீட்டினார்.

தனம் கிண்ணத்தைக் கொடுத்தாள். கஞ்சி முழுவதும் உள்ளே போயிற்று. ஒரு மக்ரூனும் சாப்பிட்டார்.

நான் அவளிடம் தமிழில் ஒன்பதையும் சொன்னேன். நாலு மாதமாக இதைத்தான் தினமும் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டு வருடம் அவர் பார்த்துக்கொண்ட வீட்டை இப்போது அவளிடம் ஒப்படைக்கிறார். அவள் ஒவ்வொரு நாளும் "ஓகே, ஓகே, கேன்" என்று சொல்லியிருக்கிறாள். ஜோகூரில் அதற்குமேல் ஒரு சம்மதம் கிடையாது. அவர் கணக்குக்கு அது நான் தலையாட்டினது மாதிரிதான். அவரை வாச்சிலிருந்து யாரும் இறக்கிவிடவே இல்லை.

"அப்ப அவருக்கு என்னைத் தெரியுது," என்றாள்.

"தெரியாமலா ஒன்பது வேல சொல்லுவாரு," என்றேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் குழாய்த் தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொன்னதைத் தமிழில் சொல்ல, தனமே திருப்பிச் சொன்னாள், அவளுடைய இங்கிலீஷில். "கேஸ், ஐ குளோஸ் ஆல்ரெடி. பேக் டோர், லாக் ஆல்ரெடி. டேங்க், டுமாரோ சேகர் கம் அண்ட் சேஞ்ச்." அவர் ஊர் மாதிரிதான் சொல்ல வேண்டும் என்று டங்கன் கேட்கவே இல்லை. அவளுடைய பேச்சு அவருக்கு என்றைக்கோ பழகியது, ஒவ்வொன்றுக்கும் "அய்" என்றார். அவள் வேண்டுமென்றே ஒரு தடவை "காஸ் ஸ்டீக்கிட், லா," என்றாள். அவருக்குப் புரையேறுகிற அளவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வியாழன் பத்தரைக்கு ஸ்கூடாயில் கிளினிக். டாக்டர் சிலோன் தமிழ்க் குடும்பத்துப் பெண்மணி, அறுபது வயது இருக்கும். இஸ்திரி போட்ட மாதிரி மடிப்புக் கலையாத இங்கிலீஷ். என்னிடம் தமிழில், "இவர் கதைக்கிறது எனக்கு ஒண்டும் விளங்கேல்லை, ஐயா. நீங்கள் எப்படி விளங்கிக்கொண்டனீங்கள்?" என்று கேட்டார். நான் கப்பல் பழக்கத்தைச் சொன்னேன். சேகர் மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கூலாய் இல்லத்தின் படிவம் அவன் சட்டைப்பையில் மடித்து இருந்தது, எனக்குத் தெரியும்.

டாக்டர் என்ன மாதம் என்று கேட்டார். டங்கன் ஏதோ சொல்லிவிட்டுக் காத்திருந்தார். டாக்டர் எழுதப் போனார். நான், "திருப்பிச் சொல்லுங்கம்மா, இல்லன்னா அடுத்ததுக்குப் போக மாட்டாரு," என்றேன். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, டங்கன் போட்ட சத்தத்தை அவர் வாயில் வந்த அளவுக்குத் திருப்பிச் சொன்னார். படித்தவர் ஒருத்தர் அப்படிச் செய்வது சுலபம் இல்லை. "அய்," என்றார் டங்கன். மாதம், வருடம், எந்த ஊர், எந்த மாடி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது வரை போயிற்று. ஏழு கழிப்பது எனக்கே வராது. நான் சத்தத்தை மட்டும் சொன்னேன், டாக்டர் கணக்கைச் சரிபார்த்தார்.

கடைசியில் தனத்தைக் காட்டி, இது யார் என்று கேட்டார். டங்கன் சொன்னதை டாக்டர் அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இவதான் சீஃப். நான் செகண்ட்தான்னு சொல்லுதாரு," என்றேன்.

மூளை தெளிவாக இருக்கிறது, வீட்டிலேயே இருக்கட்டும், தூக்க ஒரு ஆள் மட்டும் பகலில் வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சேகர் வெளியே வந்து அந்தப் படிவத்தை நாலாகக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டான். வழியில் ஒரு கடையில் நிறுத்தித் தொட்டிக்கு மிதவை வாங்கினான். பதினான்கு ரிங்கிட். அன்று சாயங்காலமே ஏணி போட்டு மாற்றினான். டங்கன் கீழேயிருந்து விடாமல் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். "மாமா என்ன சொல்றாரு?" என்று மேலேயிருந்து கேட்டான். தப்பாக மாட்டுகிறாய் என்கிறார் என்றேன். கழற்றிப் பார்த்தான். தப்புதான்.

சனிக்கிழமை என் கடைசிச் சாயங்காலம். எட்டு மணிக்கு ஒன்பது விஷயமும் முடிந்தது. தனம் கஞ்சி எடுக்க உள்ளே போனாள். டங்கன் என் கையைப் பிடித்து இழுத்துக் குரலைத் தாழ்த்திப் பத்தாவதாக ஒன்று சொன்னார். நாலு மாதமாக அவளிடமே சொல்ல முடியாதது அது. ஏனென்றால் அது அவளைப் பற்றியது. சாப்பிட்டேன் என்று சொல்லுவாள், நம்பாதே, தட்டைப் பார். பிரஷர் மாத்திரையை மறந்துவிடுவாள், முழுங்குகிற வரை பக்கத்தில் நில்.

சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை. திருப்பிச் சொன்னால் அது என் பொறுப்பு. எனக்கோ காலையில் எட்டரை மணி பஸ். வெறும் சத்தம்தானே, சொல்லிவிட்டுப் போ என்று ஒரு மனசு சொன்னது. திங்கட்கிழமை ஒரு பொய் சொன்னது போதும். "நோ, செகண்ட்," என்றேன். "மை ஷிப் சேல் டுமாரோ." என்னுடைய இங்கிலீஷும் ஓட்டைதான், ஆனால் அவருக்குப் புரிந்தது. முகம் கொஞ்சம் வாடியது.

நான் வாசலில் நின்ற சேகரைக் கூப்பிட்டேன். அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். நான் தமிழில் சொன்னேன். அவன் தலையைக் குனிந்து கேட்டுவிட்டு, டங்கன் முகத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னான்.

"ஷீ சே ஈட் ஆல்ரெடி, ஐ டோன்ட் பிலீவ். ஐ சீ த பிளேட். மெடிசின், ஐ ஸ்டேண்ட் தேர் அண்டில் ஷீ ஸ்வாலோ." பிறகு தானாக ஒன்று சேர்த்தான். "எவ்ரிடே ஐ கம், மாமா. ஐ டேக் ஓவர்."

டங்கன் எதையும் திருத்தவில்லை. "அய்," என்றார்.

சமையலறை வாசலில் கிண்ணத்தோடு தனம் நின்றிருந்தாள். "யாருடா சாப்பிடலன்னது? மத்தியானம் நல்லா சாப்பிட்டேன்."

சேகர் எழுந்து உள்ளே போனான். சற்று நேரத்தில் அங்கேயிருந்து, "அக்கா, தட்டு எங்க? காட்டு," என்று குரல் கேட்டது. டங்கன் கஞ்சியைக் குடித்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

ஞாயிறு காலை கிளம்பும்போது அவர் எனக்கு ஒன்று சொன்னார். "மைண்ட் யெர்செல்." உடம்பைப் பார்த்துக்கொள் என்று அர்த்தம். நான் திருப்பிச் சொன்னேன். இந்தப் பொறுப்பை மறுக்க முடியாது. கேட் வரை தனம் வந்தாள். வெறும் மக்ரூன் பெட்டியில் முறுக்கு நிரப்பிக் கொடுத்து, "புரியலன்னா போன் பண்றேண்ணே," என்றாள். எப்போது வேண்டுமானாலும் பண்ணு என்றேன். பஸ் கிளம்பி செம்பனைக் காடு வந்ததும் தூங்கிப்போனேன், கோலாலம்பூரில்தான் விழித்தேன்.

இங்கே தூத்துக்குடியில் யாரும் யாரிடமும் எதையும் திருப்பிச் சொல்வதில்லை. ஜெசிந்தா மோட்டாரை நிறுத்துங்கள் மாமா என்பாள், நான் தலையாட்டுவேன், தொட்டி வழியும். வந்த பிறகு, "மோட்டார நிறுத்தணும், சரி," என்று சொல்லிப் பழகுகிறேன். முதல் நாள் நான் கேலி செய்கிறேன் என்று கோபித்துக்கொண்டாள். இப்போது தொட்டி வழிவதில்லை.

அங்கே எட்டு மணி என்றால் நமக்கு ஐந்தரை. முதல் வாரம் தினமும் ஐந்தரைக்கு ஸ்கூடாயிலிருந்து போன் வந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு டங்கன் சொல்லுவார், நான் தமிழில் சொல்லுவேன், தனமோ சேகரோ திருப்பிச் சொல்லுவார்கள். இரண்டாம் வாரம் மூன்று நாள்தான் வந்தது. பிறகு ஒரே ஒரு நாள், ஒரே ஒரு சொல்லுக்காக.

நேற்றும் ஐந்தரைக்குப் போனை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறு மணி வரை வரவில்லை. ஜெசிந்தா வைத்த காப்பியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டு எழுந்தேன்.